ஸ்கேனைத் திட்டும் முன் நெகட்டிவைப் பாருங்கள்

கலர் ஃபிலிம் சம்பந்தமாக எனக்கு வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ரோல் போட்டு எடுத்தேன், லேபுக்கு அனுப்பினேன், லிங்க் வந்துச்சு. திறந்து பார்த்தா எல்லாம் பச்சையா, மங்கலா, பொரிபொரியா இருக்கு. கேமரா போச்சா, ஃபிலிம் போச்சா, இல்ல லேப்ல கெடுத்துட்டாங்களா?" கூடவே இரண்டு மூன்று ஸ்கேன் படங்கள் வரும். நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: நெகட்டிவ் எங்கே? "அது லேப்லயே இருக்கும்னு நினைக்கிறேன், ஸ்கேன்தான் வந்துடுச்சே" என்பார்கள்.

இங்கேதான் சிக்கல். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஃபிலிமில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ரோலை அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், பெங்களூருக்குத்தான் அனுப்புகிறார்கள். ரோல் கூரியரில் போகும், ஸ்கேன் லிங்க்கில் வரும். நெகட்டிவ் திரும்பி வரத் தனியாக கூரியர் காசு கட்ட வேண்டும் என்பதால் பலர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். லேபிலும் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிற சமாச்சாரம் இது. அதில் அசல் பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதைப் பார்த்து ஒரு மெஷின் எழுதிக்கொடுத்த அபிப்பிராயத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

அபிப்பிராயம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். 90களில் ஊருக்கு ஊர் கோனிகா லேப், கோடக் லேப் என்று மினிலேப் இருந்தது ஞாபகம் இருக்கும். கல்யாண ஆல்பம் பளிச்சென்று வந்ததென்றால் அதற்குக் கேமரா மட்டும் காரணமில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரு நொடி பார்த்து, மஞ்சள், மெஜந்தா, சயான், டென்சிட்டி என்று நாலு வரிசை பட்டன்களில் ஒன்றிரண்டு தட்டுவார். முகம் சிவந்திருந்தால் ஒரு தட்டு, இருட்டாக இருந்தால் ஒரு தட்டு. அந்த விரல் செய்த வேலையை நாம் பார்த்ததே இல்லை, அதனால் "அந்தக் காலத்து ஃபிலிம் கலரே தனி" என்று ஃபிலிமுக்குப் பேர் கொடுத்துவிட்டோம். கோனிகா மினோல்டா 2006-ல் கேமரா, ஃபிலிம் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. லேப்கள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடையும் பாஸ்போர்ட் போட்டோ கடையும் ஆகின. இன்றைக்கு அந்த விரல் இருந்த இடத்தில் ஸ்கேனரின் ஆட்டோ திருத்தம் இருக்கிறது. நல்ல லேபில் ஆளும் இருப்பார். கூட்டம் அதிகமான நாளில் ஆட்டோ மட்டும்தான்.

கலர் நெகட்டிவ் என்பது பார்ப்பதற்காகச் செய்த படம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆரஞ்சு நிறத்தைப் பாருங்கள். ஃபிலிமில் உருவாகிற சாயங்கள் சுத்தமானவை அல்ல. மெஜந்தா சாயம் கொஞ்சம் நீலத்தையும் தின்னும், சயான் சாயம் கொஞ்சம் பச்சையையும் நீலத்தையும் தின்னும். அந்தக் குறையைச் சரிக்கட்ட 1940களில் கோடக்கில் ஹான்சன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த உத்திதான் இந்த ஆரஞ்சு. அதை எவ்வளவு கழிப்பது, எங்கே கருப்பு, எங்கே வெள்ளை, எது நடுநிலைச் சாம்பல் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். ஒரே நெகட்டிவை மூன்று பேர் ஸ்கேன் செய்தால் மூன்று படம் வரும், மூன்றும் நியாயமானதாகவே இருக்கலாம்.

அதனால் ஸ்கேன் மோசமாக இருக்கிறது என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. கெட்டது மூன்று இடத்தில் நடந்திருக்கலாம்: எடுக்கும்போது, கழுவும்போது, ஸ்கேன் செய்யும்போது. மூன்றாவதில் கெட்டிருந்தால் படம் பத்திரமாக இருக்கிறது, மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். இரண்டாவதில் கெட்டிருந்தால் சில சமயம் மீட்கலாம். முதலாவதில் கெட்டிருந்தால் அந்தப் படம் அவ்வளவுதான், ஆனால் அடுத்த ரோலைக் காப்பாற்றலாம். எது என்று தெரியாமல் கேமராவை விற்பதும், லேபை மாற்றுவதும், விலை கூடின ஃபிலிமுக்குத் தாவுவதும் வீண் செலவு.

நெகட்டிவை எப்படிப் படிப்பது

பெரிய உபகரணம் எதுவும் வேண்டாம். போனில் வெள்ளைத் திரை ஒன்றை முழு வெளிச்சத்தில் வைத்து, அதற்கு ஒரு விரற்கடை மேலே நெகட்டிவைப் பிடியுங்கள். முதலில் படத்தைப் பார்க்காதீர்கள். ஓரத்தைப் பாருங்கள்.

ஓரத்தில் ஃபிலிமின் பெயர், ஃபிரேம் எண்கள், பார்கோடு மாதிரிக் கோடுகள் இருக்கும். இவை ஃபாக்டரியிலேயே வெளிச்சம் காட்டிப் பதிக்கப்பட்டவை. உங்கள் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கழுவும்போது படத்தோடு சேர்ந்து அதுவும்தான் கழுவப்படுகிறது. ஆகவே இது நமக்கு ஓசியில் கிடைத்த சாட்சி. எழுத்து அழுத்தமாக, தெளிவாக இருந்து, படம் மட்டும் வெளிறிப்போய் ஆரஞ்சுக் கண்ணாடி மாதிரி இருந்தால் கழுவினதில் தப்பில்லை, வெளிச்சம் பத்தவில்லை. எழுத்தும் சேர்ந்து மங்கியிருந்தால் டெவலப்பரில் பிரச்சினை: சூடு குறைவு, நேரம் குறைவு, அல்லது செத்துப்போன ரசாயனம். ஒவ்வொரு பிராண்டுக்கும் எழுத்தின் அழுத்தம் கொஞ்சம் வேறுபடும். அதே ஃபிலிமில் நன்றாக வந்த பழைய ரோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

எழுத்து இருக்கிறது, ஆனால் ஒரு படம்கூட இல்லையா? ஃபிலிம் ஸ்பூலில் மாட்டவே இல்லை. லீவரைத் தள்ளும்போது இடப்பக்கம் இருக்கிற ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்கிற பழக்கம் இருந்தால் இது நடக்காது. எழுத்தும் இல்லை, படமும் இல்லை, முழுக்க வெற்று ஆரஞ்சு என்றால் டெவலப்பர் வேலையே செய்யவில்லை. முழுக்கக் கருப்பு என்றால் யாரோ கேமராவின் முதுகைத் திறந்திருக்கிறார்கள்.

அடுத்து, வெளிச்சக் கசிவு. நெகட்டிவில் அது கருந்திட்டாகவும், ஸ்கேனில் சிவப்பு, ஆரஞ்சு தீற்றலாகவும் தெரியும். அந்தத் திட்டு ஃபிரேமைத் தாண்டி ஓரத்து ஓட்டைகள் வரைக்கும் ஓடியிருந்தால் கேமராவின் பின்கதவில் இருக்கிற பஞ்சு உளுத்துப்போய்விட்டது. 70களின் கேமராக்களில் இது தார் மாதிரி ஒட்டும் பிசினாகவே ஆகியிருக்கும். ஃபிரேமின் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டால் அது லென்ஸ் வழியாக வந்தது, அதாவது ஃபிளேர் அல்லது ஷட்டர் கோளாறு.

படம் மங்கலாக, ஷார்ப் இல்லாமல் இருந்தாலும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. ஸ்கேனை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிலிமின் பொரி தெளிவாகத் தெரிந்து, ஆள் மட்டும் மங்கலாக இருந்தால் ஃபோகஸோ கைநடுக்கமோதான் காரணம். பொரியே தெரியாமல் எல்லாம் வழுவழுவென்று இருந்தால் ஸ்கேனர்தான் ஃபோகஸில் இல்லை.

இப்போதுதான் படத்துக்கு வர வேண்டும். இருட்டான இடங்களைப் பாருங்கள்: தலைமுடி, வண்டிக்கு அடியில், கதவுக்குப் பின்னால். நெகட்டிவில் அவை வெளிர் இடங்கள். அங்கே ஏதாவது நுணுக்கம் இருக்கிறதா, அல்லது இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் இருக்கிற வெற்று இடைவெளி மாதிரியே இருக்கிறதா? வெற்றாக இருந்தால் அங்கே பதிவே ஆகவில்லை. ஸ்கேனர் இல்லாததை இழுத்துக் காட்ட முயலும்போதுதான் அந்தப் பச்சை கலந்த சேற்று நிறமும் பொரியும் வருகின்றன. கலர் ஃபிலிமில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளிச்சம் போதுமான அளவு இருக்கும் வரை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக நடக்கும். மிகக் குறைந்த வெளிச்சத்தில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதனால் குறை வெளிச்சப் படத்தின் நிழல்களில் ஒரு நிறச்சாயல் வந்தே தீரும். இதைப் பலர் "எக்ஸ்பயரி ஃபிலிம் தள்ளிவிட்டுட்டாங்க" என்று தப்பாக எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒரே ரோலில் மூன்று வியாதி

சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற தம்பி ஒருவர் போன வருஷம் ஒரு ரோலோடு வந்தார். கேனனெட் கேமரா, கோடக் கோல்டு 200. "அண்ணே, இத வித்துட்டு டிஜிட்டலுக்கே போயிடலாம்னு இருக்கேன். மூணு ரோல் ஆச்சு, ஒண்ணும் உருப்படியா வரல" என்றார். நல்ல வேளையாக நெகட்டிவைத் திருப்பி வாங்கி வைத்திருந்தார்.

ரோலின் முதல் பகுதி பாகலூர் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தின் பாலிஹவுஸில் எடுத்தது. ஸ்கேனில் சிவப்பு ரோஜா செங்கல் நிறத்துக்குப் போய், பின்னணி முழுக்க நீலப் பச்சை படிந்திருந்தது. பறித்துக்கொண்டிருந்த அக்காவின் முகம் சீக்காளி மாதிரி இருந்தது. நடுப்பகுதி மலைக்கோயில் தேர். அது சேறு. கடைசி ஏழெட்டுப் படங்கள் இரவு ஷிஃப்ட் முடிந்து ரோட்டில் எடுத்தவை, எல்லாம் ஒரே ஆரஞ்சு.

நெகட்டிவைப் பார்த்தால் கதையே வேறு. ஓர எழுத்து கடைசி வரை அழுத்தமாக இருந்தது, ஆக கழுவினதில் குறையில்லை. ரோஜாப் படங்கள் நல்ல கனத்தோடு, நிழலில்கூட நுணுக்கத்தோடு இருந்தன. கெட்டது ஸ்கேனில். ஃபிரேம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் ஆட்டோ திருத்தம் அதைப் பூவின் நிறம் என்று எடுத்துக்கொள்ளாது, படத்தின் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். சிவப்பைக் குறைப்பதற்காக எதிர் நிறமான சயானை எல்லா இடத்திலும் தள்ளும். பூ கொஞ்சம் சிவப்பை இழந்து செங்கல் ஆகும், சிவப்பே இல்லாத இலையும் முகமும் நீலப் பச்சையில் முழுகும். சாமந்தி வயலிலும் மாந்தோப்பிலும் இதே கதைதான். மஞ்சள் நிறைந்தால் நீலம் ஏறும், பச்சை நிறைந்தால் மெஜந்தா ஏறும். ஓசூரில் பூவைப் படம் எடுக்கிறவருக்கு இது ஆயுசுக்கும் வரும் தொல்லை.

பாலிஹவுஸின் பங்கும் கொஞ்சம் உண்டு. பால்வெள்ளை ஷீட் வழியாக வருகிற வெளிச்சம் நல்ல மென்மையானது, ஆனால் சுற்றிலும் இலை. பச்சை முகத்தில் தெறிக்கும். அது உண்மையிலேயே அங்கே இருந்த நிறம்தான், நம் கண் அதைத் தானாகவே தள்ளுபடி செய்துவிடுவதால் தெரிவதில்லை. இதற்கு எளிய வழி, அந்த இடத்துக்குப் போனதும் முதல் ஃபிரேமில் ஒரு கிரே கார்டைப் பிடித்து எடுத்துவிடுவது. ஸ்கேன் செய்யும்போது அந்த ஒரு ஃபிரேமைச் சாம்பலாக்கி, அதே அமைப்பைப் பூட்டி மற்றவற்றுக்கும் போட்டால் முடிந்தது. கார்டு இல்லாவிட்டால் வெயிலில் வெளுத்த பழைய தார் ரோடு ஓரளவு கைகொடுக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் கல்லைச் சாம்பல் என்று நம்பிவிடாதீர்கள், பல கல்லில் இளஞ்சிவப்பு ஓடும்.

தேர்ப் படங்கள்தான் உண்மையான இழப்பு. ஓர எழுத்து அழுத்தம், படம் கண்ணாடி. வெளிச்சம் குறைவு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரோஜாப் படங்கள் ஏன் தப்பித்தன? கேட்டால், தோட்டத்தில் போன் மீட்டர் ஆப்பைப் பார்த்துக் கையால் செட் செய்திருக்கிறார். தேரில் கூட்டம், அவசரம், கேமராவை ஆட்டோவில் விட்டுவிட்டார். அந்தக் காலத்துக் கேனனெட் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கிற ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். வோல்ட் கூடினால் முள் கூடுதலாக ஏறும், கேமரா "வெளிச்சம் நிறைய இருக்கிறது" என்று நம்பித் துவாரத்தைச் சுருக்கும். மினோல்டா எஸ்ஆர்டி 101 வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 நம்பர் ஜிங்க் ஏர் பேட்டரி சுமார் 1.4 வோல்ட் தரும், பாதரச பேட்டரிக்கு நெருக்கம். குழிக்குள் ஆடாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் சுற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும், ஆனால் விலை அதிகமில்லை.

பேட்டரி பாதி காரணம். மீதி பாதி வானம். ஓசூரில் மேகமூட்டமான நாளில் வானம் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கும். தேரை அண்ணாந்து எடுத்தால் ஃபிரேமில் பாதி அந்த வெள்ளைதான். எந்த மீட்டரும் அதைப் பார்த்து ஏமாறும். வெள்ளை வேட்டிக் கூட்டம், கல் குவாரியின் வெண்தூசி எல்லாம் இதே வகை. கலர் நெகட்டிவில் வெளிச்சம் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூடினால் தாங்கும், ஒரு ஸ்டாப் குறைந்தால் தாங்காது. டிஜிட்டல் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஏனென்றால் அங்கே வெள்ளை வெந்துபோகாமல் காப்பதுதான் முதல் பாடம். அதனால் 400 ஃபிலிமைப் போட்டுவிட்டு மீட்டரில் 200 என்று வைத்துக்கொள்வதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். கேமராவை முகத்துக்கு நேராகக் கீழிறக்கி மீட்டர் பார்த்துவிட்டுப் பிறகு ஃபிரேம் போடுங்கள். மீட்டரே வேலை செய்யாவிட்டால், 200 ஃபிலிமுக்கு மதிய வெயிலில் எஃப் 16, ஷட்டர் 250. திறந்த நிழலுக்கு வந்தால் அதிலிருந்து மூன்று ஸ்டாப் திறங்கள். ஷட்டர் மாறாமல் எஃப் 5.6.

இரவுப் படங்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. இன்னும் மாற்றப்படாமல் இருக்கிற சோடியம் விளக்கின் வெளிச்சத்தில் பெரும்பகுதி மஞ்சள் ஆரஞ்சுதான், நீலம் ஏறக்குறைய இல்லை. இல்லாத நிறத்தை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது. கருப்பு வெள்ளையாக மாற்றிவிடச் சொன்னேன், நன்றாகவே இருந்தன. வீட்டுக் குண்டு பல்பிலும் இதே சங்கடம் கொஞ்சம் சிறிய அளவில் உண்டு. நீல அடுக்குக்கு வெளிச்சம் கிடைக்காது, ஸ்கேனில் ஆரஞ்சை எடுக்கப்போனால் நிழலெல்லாம் நீலப் பொரியாகும். அங்கே ஒரு ஸ்டாப் கூடக் கொடுத்தால் நீல அடுக்குக்கும் கொஞ்சம் சோறு கிடைக்கும்.

ரோஜாப் படங்களை மறுபடி ஸ்கேன் செய்துகொடுத்தேன். அந்த அக்காவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கேமரா அவரிடம்தான் இருக்கிறது.

கழுவும்போது கெடுவது

இது குறைவு, ஆனால் உண்டு. இன்று புழக்கத்தில் இருக்கிற சி-41 முறையை 1972-ல் கோடக் கொண்டுவந்தது. டெவலப்பர் 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 நொடி. சூடு கால் டிகிரிகூட அசையக்கூடாது என்பது கோடக்கின் கணக்கு. வீட்டில் கழுவுகிறவர்கள் இந்தப் பகுதியில் இரண்டு விதமான சிரமத்தைப் பார்க்கலாம். ஓசூர் மேட்டு நிலம், டிசம்பர் காலையில் டாங்கை வெளியே எடுத்த மூன்றே நிமிடத்தில் சூடு இறங்கிவிடும். கிருஷ்ணகிரி தாழ்வு, மே மாதத்தில் கழுவ எடுக்கிற குழாய்த் தண்ணீரே வெந்நீராக வரும். எதுவானாலும் டாங்கைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தே திருப்புங்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும். கடைசி ஸ்டெபிலைசரை மட்டுமாவது டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கிற கேன் போதும், ஆசிட் கேனை எடுத்துவிடாமல் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு நோய் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியது, ஏனென்றால் அதற்கு மருந்து உண்டு. கலர் ஃபிலிமில் கடைசியில் சாயம் மட்டும்தான் மிஞ்ச வேண்டும், வெள்ளி முழுக்க வெளியேற வேண்டும். பிளீச் வெள்ளியை மாற்றும், ஃபிக்ஸர் கரைத்து எடுக்கும். பிளீச் சக்தி இழந்திருந்தால் வெள்ளி உள்ளேயே தங்கிவிடும். நெகட்டிவ் வழக்கத்துக்கு மேல் கருத்து, ஸ்கேனில் நிறம் செத்து, பொரி கூடி, கான்ட்ராஸ்ட் ஏறி வரும். ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதி அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்வது. சாயம் அதை விட்டுவிடும், வெள்ளி மறைக்கும். அந்த வசதியைப் போட்டதும் படம் கன்னாபின்னாவென்று சிதைந்தால் அதுவும் ஒரு தடயம். இந்த ரோலைப் புது பிளீச்சிலும் ஃபிக்ஸரிலும் இன்னொரு தடவை போட்டால் சரியாகிவிடும். பல மாதம் கழித்துக்கூடச் செய்யலாம், இருட்டறைகூட வேண்டாம். நெகட்டிவைக் குப்பையில் விட்டவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

நிழல் ஒரு நிறத்துக்கும் வெளிச்சப்பகுதி அதற்கு எதிர் நிறத்துக்கும் சாய்ந்திருந்தால், அது ரசாயனக் கோளாறாகவோ சூடு பட்ட ஃபிலிமாகவோ இருக்கும். இதை ஒரே தட்டில் சரிசெய்ய முடியாது. நிழலைச் சரிசெய்தால் முகம் கெடும். மூன்று நிறத்தின் வளைவுகளையும் தனித்தனியாக இழுக்க வேண்டும், அப்போதும் முக்கால்வாசிதான் வரும். வெயிலில் நிறுத்திய பைக் பெட்டிக்குள் ரோலை வைத்துவிட்டு ஷிஃப்ட் முடித்து எடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்ததை எடுத்தால் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வேர்க்கும்.

சினிமா ஃபிலிமைச் சின்ன ரோலாகச் சுற்றி மலிவாக விற்பதும் இப்போது சகஜம். கோடக் விஷன் 3 வகையில் 500டி என்பதில் வருகிற டி டங்ஸ்டன், பகலுக்கானது அல்ல. வெயிலில் அப்படியே எடுத்தால் எல்லாம் நீலம். 85 ஃபில்டர் போட்டு 320 என்று வைத்து எடுக்க வேண்டும். முதுகில் கருப்புக் கார்பன் பூச்சு உள்ள ரோலைச் சொல்லாமல் சாதாரண லேபுக்கு அனுப்பினால் அவர்கள் மெஷினையும், அதில் பின்னால் வருகிற மற்றவர்களின் ரோலையும் கெடுத்த பாவம் வரும்.

வீட்டில் ஸ்கேன் செய்வதென்றால்

நெகட்டிவ் நன்றாக இருக்கிறது, ஸ்கேன்தான் மோசம் என்று தெரிந்த பிறகு டிஜிட்டல் கேமராவாலேயே எடுத்துக்கொள்ளலாம். மேக்ரோ லென்ஸ், ஸ்டாண்டு, ஒரு லைட் பேனல். பேனலில் காசைக் குறைக்காதீர்கள். சிஆர்ஐ 95-க்கு மேல் இருக்க வேண்டும். மலிவு எல்இடியில் சிவப்பு குறையும், அதை அப்புறம் எந்த ஸ்லைடராலும் கொண்டுவர முடியாது. நெகட்டிவைச் சுற்றித் தெரிகிற வெளிச்சத்தைக் கருப்பு அட்டையால் மூடுங்கள், அறை விளக்கை அணையுங்கள். ராவில், எஃப் 8-ல் எடுங்கள். முக்கியமாக, ரோல் முழுக்க ஒரே எக்ஸ்போஷர், ஒரே ஒயிட் பேலன்ஸ். இரண்டு ஃபிரேமுக்கு நடுவிலுள்ள வெற்று ஆரஞ்சையும் சேர்த்துப் பதியுங்கள், அதுதான் இந்த ரோலின் கருப்பு. ஃபிரேமுக்கு ஃபிரேம் ஆட்டோவில் விட்டால் லேப் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். பிளாட்பெட் ஸ்கேனர் குடும்ப ஆல்பத்துக்குப் போதும், ஆனால் பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருப்பதில் பாதிகூட உண்மையில் வராது.

இதே முறையில் வீட்டுப் பீரோவில் கிடக்கிற 80, 90களின் நெகட்டிவ்களையும் ஒரு தடவை பாருங்கள். சுவரில் மாட்டின பிரிண்ட் சிவந்து வெளுத்திருக்கும், இருட்டில் கிடந்த நெகட்டிவில் பெரும்பாலும் இன்னும் நிறம் இருக்கும்.

லேபுக்கே அனுப்புவதானால் ரோலோடு ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். என்ன ஃபிலிம், எந்த ஐஎஸ்ஓவில் எடுத்தது, ஆட்டோ நிறத் திருத்தமும் கான்ட்ராஸ்ட்டும் வேண்டாம், முடிந்தால் டிஃப் ஃபைலாக, கிரே கார்டு எந்த ஃபிரேமில் இருக்கிறது, நெகட்டிவை ஆறு ஆறாக வெட்டி ஸ்லீவில் போட்டுத் திருப்பி அனுப்பவும், கூரியர் செலவு என்னுடையது. வந்ததும் ஸ்லீவின் மேல் தேதியையும் இடத்தையும் எழுதி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். மழைக்காலத்தில் பீரோவின் அடித்தட்டு வேண்டாம், பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும்.